முகம் பார்த்தலும் விரல் சுட்டலும்: முதல் பதினெட்டு மாத வீட்டுக் கவனிப்பு

பிறந்த சில நாள்களிலேயே குழந்தை ஏனைய பொருள்களைவிட மனித முகத்தையும் குரலையும் நாடத் தொடங்குகிறது; மாதங்கள் ஏற ஏற அந்த நாட்டம் பதிற்சிரிப்பாகவும், பெயர் கேட்டுத் திரும்புதலாகவும், விரல் நீட்டிக் காட்டுதலாகவும் விரிகிறது. இவை அனைத்தையும் சேர்த்துக் குழந்தை வளர்ச்சி வல்லுநர்கள் 'சமூகக் கவனம்' என்பர். பின்னாளில் ஆட்டிசம் (மதியிறுக்கம் என்றும் தமிழில் வழங்கப்படுவது) எனக் கண்டறியப்படும் குழந்தைகள் பலரிடம் இந்த விரிவு முதல் ஆண்டின் பிற்பாதியிலிருந்து மெல்லத் தளர்கிறது. தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, தனிக் கருவியோ செலவோ இன்றி அத்தளர்வை எவ்வாறு கவனித்துக் குறித்து வைப்பது, ஐயம் எழுந்தால் எங்கே செல்வது, காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பவற்றை இவ்வத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. ஆட்டிசம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்வது மருத்துவரின் பணி. கவனித்து எழுதுவது மட்டுமே வீட்டின் பணி.

தேவையான அளவு கோட்பாடு

அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த வாரன் ஜோன்ஸ், அமி க்ளின் ஆகிய இருவர் நடத்தி 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, குழந்தையின் விழி எந்தப் புள்ளியில் நிலைக்கிறது என்று பதியும் பார்வைத்தடக் கருவியைப் பயன்படுத்தியது. பிற்பாடு ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் 2ஆம் மாதத்தில் ஏனையோரைப் போலவே எதிரிலிருப்பவரின் கண்களைப் பார்த்தனர் என்பதும், 2 முதல் 6 மாதத்துக்குள் அப்பார்வை படிப்படியாகக் குறைந்தது என்பதும் அதன் முடிவுகள். இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. 'கைக்குழந்தையாக இருந்தபோது நன்றாகத்தானே முகம் பார்த்தது' என்பது பிற்கால ஐயத்துக்கு விடையாகாது. அதேபோல், அந்தச் சரிவு திரும்பத் திரும்ப அளந்த கருவிக்கே தெரிந்ததேயன்றி வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடியதன்று. ஆகவே 6 மாதம் நிறையாத குழந்தையின் ஒவ்வொரு பார்வையையும் எண்ணி அஞ்சுவதில் பயன் ஏதுமில்லை.

வெறும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது முதல் பிறந்தநாளை ஒட்டித்தான். ஆஸ்டர்லிங், டாசன் ஆகியோர் 1994இல் முதல் பிறந்தநாள் வீட்டுக் காணொளிகளை ஆராய்ந்தபோது, பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டியவை நான்கு செயல்களே: பிறர் முகத்தைப் பார்த்தல், பெயருக்குத் திரும்புதல், சுட்டுதல், பொருளை எடுத்துக் காட்டுதல். இவற்றுள் பின்னிரண்டும் 'கூட்டுக் கவனம்' என்னும் திறனைச் சேர்ந்தவை. அதாவது, ஒரே பொருளை இருவர் சேர்ந்து பார்ப்பதும், மற்றவரும் அதைப் பார்க்கிறார் என்பதை முகத்தைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்வதும் ஆகும்.

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் உள்ள வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று மேலைநாட்டு உடன்பிறப்பு ஆய்வுகள் கணக்கிட்டிருப்பதால், அத்தகைய குடும்பங்கள் இந்தக் கவனிப்பைக் கட்டாயமாகக் கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் எதை எதிர்பார்ப்பது

- 2 மாதம்: பேசினால் அல்லது சிரித்தால் பதிலுக்குச் சிரித்தல்.
- 6 மாதம்: முகம் மலர்ந்த சிரிப்பு, குரலுக்குக் குரல் கொடுத்தல்.
- 9 மாதம்: பெயருக்குத் திரும்புதல், முகம் மறைத்து விளையாடினால் மகிழ்ந்து எதிர்பார்த்தல்.
- 12 மாதம்: கைதட்டல், டாட்டா காட்டல், 'தூக்கு' என்று கை நீட்டல், பிறர் சுட்டிய திசையில் பார்த்தல்.
- 15 மாதம்: வேண்டியதைச் சுட்டிக் கேட்டல்.
- 18 மாதம்: எதையும் கேட்காமல், பார்த்த வியப்பைப் பகிர்வதற்காகவே சுட்டிக் காட்டுதல்.

குறைப்பிரசவக் குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதை வயதிலிருந்து கழித்தே கணக்கிட வேண்டும். இந்தக் கழித்தல் 2 வயது வரை பொருந்தும்.

பிள்ளைத்தமிழ்ப் பருவ வரிசை சப்பாணி கொட்டுதலை ஒன்பதாம் மாதத்தை ஒட்டி வைத்து, அம்புலியை அதற்குப் பின் வைத்திருப்பது இங்கு நினைக்கத் தக்கது. கைதட்டிப் பதில் தருவது முதலில் வரும். தொலைவிலுள்ள ஒன்றை இருவருமாகப் பார்ப்பது அதன் பின்னரே வரும். நிலாக் காட்டிச் சோறூட்டுவது கூட்டுக் கவனத்துக்கு அன்றாடம் கிடைக்கும் பயிற்சியாகும். தில்லியின் கார்த்திகை, மார்கழிப் புகைமூட்டத்தில் நிலா தெரியாத இரவுகளில் எதிர்மாடி வீட்டு விளக்கைக் காட்டினாலும் பயன் குறையாது.

மாதாந்தரக் கவனிப்பு: படிகள்

6 மாதம் முதல் 18 மாதம் வரை, மாதம் ஒருமுறை, குழந்தை பிறந்த தேதியை ஒட்டிய ஒரு நாளில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

1. தூங்கி எழுந்து, பசியாறி, நல்ல மனநிலையில் இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காய்ச்சல், சளி, பல் முளைக்கும் அழுகை உள்ள நாள்களையும், தடுப்பூசி போட்ட மூன்று நாள்களையும் தவிர்க்க வேண்டும்.

2. தொலைக்காட்சியை அணைத்து, அறையில் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும். குளிர்காலமாயின் காதை மூடும் கம்பளிக் குல்லாவைக் கழற்றிவிட வேண்டும். அறைச்சூடேற்றி குழந்தையின் கைக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.

3. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல், குழந்தையின் முகமும் பெரியவரின் முகமும் பக்கவாட்டில் தெரியும்படி அலமாரியில் சாய்த்து வைத்துக் காணொளிப் பதிவைத் தொடங்க வேண்டும்.

4. பதிற்சிரிப்பு: குழந்தையின் கண்மட்டத்தில், ஒரு கை தொலைவில் அமர்ந்து, சிரித்து ஓரிரு சொற்கள் பேசிவிட்டு நிறுத்தி, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். சிரிப்போ குரலோ பார்வையோ பதிலாக வந்ததா என்பதே கேள்வி.

5. முகம் மறைத்தல்: முந்தானையாலோ துண்டாலோ முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டை மூன்று முறை ஆடி, நான்காம் முறை மூடியபின் திறக்காமல் சற்றுக் காத்திருக்க வேண்டும். துணியை இழுப்பதும், குரல் கொடுப்பதும், கால்களை உதைத்து எதிர்பார்ப்பதும் விளையாட்டில் குழந்தைக்கும் பங்கு உண்டு என்பதைக் காட்டும்.

6. பெயர் அழைப்பு (9 மாதம் முதல்): குழந்தை ஒரு பொம்மையோடு இருக்கும்போது, பக்கவாட்டில் பின்புறமாக இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, வீட்டில் வழங்கும் பெயரை இயல்பான குரலில் ஒருமுறை சொல்லி, மூன்று நொடி காக்க வேண்டும். திரும்பாவிடில் மீண்டும், மொத்தம் மூன்று அழைப்புகள் மட்டுமே.

7. சுட்டும் திசை (10 மாதம் முதல்): ஆறேழு அடி தொலைவிலுள்ள நாட்காட்டியையோ படத்தையோ விரலால் காட்டி, 'அதோ பார்' என்று சொல்ல வேண்டும். விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பது தொடக்கத்தில் இயல்பு. விரல் காட்டிய பொருளுக்குப் பார்வை போய், பிறகு முகத்துக்குத் திரும்புவதே முதிர்ந்த பதில்.

8. காட்டலும் கேட்டலும் (12 மாதம் முதல்): குழந்தை விரும்பும் பொருளை மூடி இறுகிய, ஒளி ஊடுருவும் டப்பாவில் இட்டுத் தர வேண்டும். டப்பாவைப் பெரியவரிடம் நீட்டி முகத்தைப் பார்க்கிறதா, அல்லது முகத்தைப் பாராமல் பெரியவரின் கையை மட்டும் பிடித்து மூடியின்மீது வைக்கிறதா என்று குறிக்க வேண்டும். தொண்டையில் அடைக்கக்கூடிய கடலை, மணி, காசு, பட்டன் மின்கலம் ஆகியவற்றை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

9. அன்றே எழுத வேண்டும். 'நன்றாகச் செய்தான்' என்பது குறிப்பாகாது. 'மூன்று அழைப்பில் ஒன்றுக்குத் திரும்பினான். சுட்டியபோது விரலை மட்டும் பார்த்தான்' என்பதே குறிப்பு.

எதை வைத்து அடுத்த அடி எடுப்பது

ஒரு மாதத்தின் குறைவு எதையும் சொல்லாது. நடை பழகும் மாதத்தில் பேச்சும் பார்வையும் சற்றுப் பின்னுக்குப் போவது எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் எண்ணிக்கை இறங்கினாலும், 12 மாதம் நிறைந்த குழந்தை வெவ்வேறு நாள்களில் பெயருக்குத் திரும்பாவிட்டாலும், 18 மாதத்தில் எதையும் சுட்டிக் காட்டாவிட்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முன்பு இருந்த சிரிப்போ, சொல்லோ, கையசைவோ மறைந்துபோனால் மட்டும் இரண்டு மாதக் கணக்கு பொருந்தாது. எந்த வயதிலும் இழப்பு என்பது உடனே காட்ட வேண்டியது.

அடிக்கடி நேரும் பிழைகள்

பெயர் அழைப்பைப் பெயரல்லாத ஒலிகளால் கெடுப்பதே மிகப் பரவலான பிழையாகும். பிஸ்கட் உறையைச் சரசரக்கச் செய்தும், நாக்கைச் சொடுக்கியும், கைதட்டியும் அழைத்தால் எந்தக் குழந்தையும் திரும்பும். அது காது கேட்கிறது என்பதைக் காட்டுமேயன்றி, தன்னை ஒருவர் அழைக்கிறார் என்னும் உணர்வைக் காட்டாது. தில்லித் தமிழ் வீடுகளில் இதனோடு இன்னொரு குழப்பமும் சேர்கிறது. தாத்தா பாட்டி ஒரு செல்லப் பெயரும், பெற்றோர் வேறொரு பெயரும், பார்த்துக்கொள்ளும் பெண்மணி 'பாபு' என்றும் அழைக்கும் வீட்டில், எந்தப் பெயர் தன்னுடையது என்று குழந்தை தெளிவதற்கே காலம் பிடிக்கும். கவனிப்பைத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அனைவரும் ஒரே பெயரால் அழைப்பது நல்லது.

இரண்டாவது பிழை, மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பி 'என்னைப் பார்' என்று வற்புறுத்துவது. வலிந்து பெற்ற பார்வை கவனமாகாது. பார்வை என்பதே தொல்லை என்று குழந்தை கற்றுக்கொள்ளவும் கூடும்.

சுழலும் மின்விசிறியைப் பார்ப்பதைக் கண்டு மட்டும் அஞ்சுவதும் தவறு, ஏனெனில் எல்லாக் கைக்குழந்தைகளும் மின்விசிறியைப் பார்க்கும். அருகில் வந்து பேசும் முகத்துக்காக அதிலிருந்து பார்வை விலகுகிறதா என்பதே பொருட்படுத்தத் தக்கது.

'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்' என்ற ஆறுதல் எந்த வீட்டிலும் கிடைக்கும். பேச்சுத் தாமதமும் சமூகக் கவனத் தளர்வும் வெவ்வேறு; சொல் ஒன்றும் வராத குழந்தையும் விரலாலும் விழியாலும் ஓயாமல் உரையாடிக்கொண்டிருக்கலாம். வீட்டில் தமிழும் வெளியே இந்தியுமாக இரண்டு மொழி இருப்பதால்தான் குழந்தை முகம் பார்ப்பதில்லை என்ற விளக்கமும் ஏற்கத் தக்கதன்று. பல மொழிச் சூழல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. அதை நம்பித் தாய்மொழியைக் கைவிட்டால், கொஞ்சிப் பேசத் தெரிந்த மொழியையே குடும்பம் இழக்கும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது பிழைகளுள் ஆபத்தானது. தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998இல் 'லான்செட்' வெளியிட்ட கட்டுரையை அவ்விதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பாதுகாப்பு: காத்திருக்கக் கூடாதவை

முதல் ஆண்டில், பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள், குழந்தை திடீரென்று தலையையும் உடலையும் முன்னோக்கி மடக்கி, கைகளை விரித்து, சில நொடிகள் இடைவெளிவிட்டு அதையே வரிசையாகத் திரும்பத் திரும்பச் செய்தால், அது வயிற்றுவலியோ திடுக்கிடலோ அல்லாமல் சிசுப் பருவ வலிப்பாக இருக்கலாம். தூங்கி எழும் நேரத்தில் வரும் இவ்வலிப்போடு சிரிப்பும் முகம் பார்த்தலும் குறைவதால் இதை ஆட்டிசம் என்று எண்ணிக் காத்திருப்போர் உண்டு. அதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.

பெயருக்குத் திரும்பாத ஒவ்வொரு குழந்தைக்கும், முன்பு எத்தகைய முடிவு வந்திருந்தாலும், செவிப்புலன் சோதனை தேவை. தூங்கும் குழந்தையின் காதருகே ஒலி எழுப்பி மூளையின் மின்பதிலை அளக்கும் சோதனையைத் தில்லி மருத்துவமனைகளில் 'பேரா' என்று கேட்டால் அனைவரும் அறிவர்.

ஆட்டிசத்தைக் குணமாக்குவதாக விளம்பரப்படுத்தப்படும் குருத்தணுச் சிகிச்சையை எந்தக் கட்டத்திலும் ஏற்கலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு அப்பால் குருத்தணுவை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022இல் ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதன்று என்று அறிவித்தது.

ஐயம் எழுந்தபின்: தில்லியில் செல்லும் வழி

1. முதலில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் குறிப்பேட்டையும் மூன்று மாதக் காணொளிகளையும் காட்டி, செவிப்புலன் சோதனைக்கும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் எழுதித் தரக் கேட்க வேண்டும்.

2. 16 முதல் 30 மாதக் குழந்தைக்கு 'எம்-சாட்-ஆர்' எனப்படும் 20 கேள்விப் படிவத்தைப் பெற்றோரே நிரப்பலாம். 0 முதல் 2 வரை மதிப்பெண் குறைந்த வாய்ப்பையும், 3 முதல் 7 வரை இடைநிலையையும், 8உம் அதற்கு மேலும் உடனடி மதிப்பீட்டுத் தேவையையும் குறிக்கும். பெரும்பாலான கேள்விகளில் 'இல்லை' என்பதே ஐயத்துக்குரிய விடை. 2, 5, 12 ஆகிய மூன்றில் மட்டும் 'ஆம்' என்பது ஐயத்துக்குரியது. என்றோ ஒருமுறை செய்ததை 'ஆம்' என்று எழுதுவதே இப்படிவத்தில் நேரும் முதன்மைப் பிழை.

3. அரசு மருத்துவமனைகளில் எய்ம்ஸின் குழந்தை நரம்பியல் பிரிவு, லோக் நாயக் மருத்துவமனை, கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் (தேசியக் குழந்தை நலத் திட்டம்) வழியாக, அங்கன்வாடியில் பரிசோதிக்கப்படும் குழந்தை மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பப்படும் முறையும் உண்டு.

4. ஜசோலா விஹாரிலுள்ள ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம், மெர்ரி பரூவா முதலிய பெற்றோரின் முயற்சியால் 1991இல் தொடங்கப்பட்டது. குழந்தையோடு பெற்றோரும் சேர்ந்து பயிலும் பயிற்சியால் பெயர் பெற்ற நிறுவனம் அது.

குறிப்பு: வெளிநோயாளர் பிரிவில் உரையாடல் இந்தியில்தான் நடக்கும். இந்தி தடுமாறும் வீட்டினர், 'நாம் புகார்னே பர் நஹீன் தேக்தா' (பெயர் சொன்னால் பார்ப்பதில்லை), 'உங்லி ஸே நஹீன் திகாதா' (விரலால் காட்டுவதில்லை) என்ற இரு வாக்கியங்களை எழுதி எடுத்துச் செல்வது, ஐந்து நிமிடச் சந்திப்பில் பெரிதும் உதவும்.

கைப்பேசிச் செயலிகளைக் குறித்து ஒரு சொல். தில்லி வட்டாரத்து வீடுகளுக்கே சென்று, நிபுணரல்லாத களப்பணியாளர் கைக்கணினி வழியாக 2 முதல் 7 வயதுக் குழந்தைகள் 131 பேரை மதிப்பிட்ட 'ஸ்டார்ட்' என்னும் ஆய்வு, மனிதர்களின் காட்சி, வடிவங்களின் காட்சி ஆகிய இரண்டில் குழந்தை எதை நாடுகிறது என்பதையும் சோதனைகளுள் ஒன்றாகக் கொண்டது. நம்பிக்கை தரும் முயற்சிதான் என்றாலும் அது 2 வயதுக்கு மேற்பட்டோரிடம், பயிற்சி பெற்றோர் துணையுடன் செய்யப்பட்டது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு செயலியை ஒன்பது மாதக் குழந்தையின் முன் வைப்பதற்கு அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2 வயதுக்குட்பட்டோருக்கு உறவினரோடு பேசும் காணொளி அழைப்பு நீங்கலாக எந்தத் திரையும் வேண்டாம் என்றே சொல்கிறது.

தேதி கிடைக்கும் வரை செய்ய வேண்டியவை

பெரிய மருத்துவமனைகளில் மதிப்பீட்டுத் தேதிக்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அந்தக் காலம் வீணாக வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் தொடக்க அறிகுறி தெரிந்த 9 முதல் 14 மாதக் குழந்தைகள் 103 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், பெற்றோர் தம் விளையாட்டுக் காணொளியைத் தாமே பார்த்துத் திருத்திக்கொள்ளும் பயிற்சி பெற்ற குழுவில் 3 வயதில் ஆட்டிச வரையறைக்குள் வந்தோர் ஏறத்தாழ 7 விழுக்காடு. வழக்கமான பராமரிப்பு பெற்ற குழுவில் 21 விழுக்காடு. சிறிய சோதனை, ஆட்டிசம் 'குணமானது' என்று இதைப் படிக்கவும் கூடாது. ஆனால் அதன் வழிமுறையில் தீங்கேதும் இல்லை, செலவும் இல்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சமூகப் பணியாளர்கள் கற்பித்த 'பாஸ்' பயிற்சியும் இதே அடிப்படையில் அமைந்தது.

1. தினமும் இருமுறை, பத்து நிமிடம், தரையில் குழந்தைக்கு எதிரே அமர வேண்டும்.
2. எதையும் கற்றுக்கொடுக்க முயலாமல், குழந்தை எதைப் பார்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.
3. அது பார்க்கும் பொருளைப் பற்றியே ஓரிரு சொல் பேச வேண்டும்: 'பந்து', 'பந்து உருளுது'.
4. பேசியபின் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் தவறுவது இங்குதான்; மௌனத்தைப் பொறுக்காமல் அடுத்த பொம்மையை எடுத்துவிடுகின்றனர்.
5. எந்தச் சிறு பதிலையும், அது ஓரப்பார்வையாக இருந்தாலும், அழைப்பாகவே ஏற்று மறுமொழி தர வேண்டும்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு பங்கிட்டு, கடைசியில் அக்குள்வரை விரல்களால் ஊர்ந்து கிச்சுக்கிச்சு மூட்டும் பாட்டி விளையாட்டு இந்த ஐந்து படிகளையும் தன்னுள் கொண்டது. ஊர்வதற்கு முன் விரலை நிறுத்திக் குழந்தையின் முகம் நிமிரக் காத்திருந்தால் மட்டும் போதும்.

தடுப்பூசிக்காக அரசு வழங்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் வளர்ச்சிப் படிகளுக்கும் இடம் உண்டு. பல வீடுகளில் ஊசித் தேதிகள் நிரம்பியிருக்க, அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. ஒன்பதாம் மாத ஊசிக்கும், பதினாறாம் மாதத்துக்குப் பின் வரும் ஊசிக்கும் செல்லும்போது, குழந்தை பெயருக்குத் திரும்புகிறதா, சுட்டுகிறதா என்று பார்த்து அப்பக்கத்தையும் நிரப்பித் தருமாறு சுகாதாரப் பணியாளரிடம் பெற்றோரே கேட்டுப் பெறவும்.